ஷட்டர் முதலில், லென்ஸ் பிறகு: ஹட்டனில் ஒரு அரைத்தட்டுக் கெமராவைப் பொருத்திய அனுபவம்

பெரிய கெமரா ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது "எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்றுதான். இலங்கை மலைநாட்டில் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டும். குளிரும் ஈரமும் விட்டுவைக்காத இந்தப் பக்கத்தில் நல்ல கண்ணாடி கிடைத்தாலும் கிடைக்கும், ஒழுங்காக ஓடுகிற ஷட்டர் கிடைப்பதுதான் அரிது. ஆகவே நல்ல ஷட்டர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதன் திருகுப் புரியில் ஏறுகிற லென்ஸ்களை மட்டும் தேடுவதுதான் சரி என்பது என் கட்சி. அப்படித்தான் இந்தக் கெமராவைப் பொருத்தினேன்.

கெமரா, மூடப்பட்ட ஒரு ஸ்டூடியோவிலிருந்து வந்தது. மரத்தால் ஆனது, அரைத்தட்டு, அதாவது 4¾ × 6½ அங்குலம். லென்ஸும் இல்லை, லென்ஸ் பலகையும் இல்லை. லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவில் மடிந்து நீளும் துருத்தி மட்டும் ஆச்சரியப்படும்படி நன்றாக இருந்தது. இருட்டறையில் உள்ளே டோர்ச் அடித்து மடிப்பு மடிப்பாகப் பார்த்தேன், ஓர் ஊசி ஓட்டைகூட இல்லை. முழுவதும் இழுத்தால் சுமார் 400 மி.மீ. வரும். இந்த 400 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எல்லாவற்றையும் அதுதான் தீர்மானிக்கப்போகிறது.

அரைத்தட்டு பிலிம் லேசில் கிடைக்காது என்பதால், தச்சு பாஸ் ஒருவரைக் கொண்டு 4×5 அங்குல பிலிம் பெட்டி ஏறுகிற பின்பலகை ஒன்று செய்வித்தேன். அதில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: பெட்டிக்குள் பிலிம் உட்காரும் ஆழம் 5 மி.மீ. விம்பத்தைப் பார்த்துக் குவிக்கிற தேய்த்த கண்ணாடியின் சொரசொரப்பான முகம் லென்ஸைப் பார்த்தபடி அதே ஆழத்தில் இருக்க வேண்டும். அது தவறினால் எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸ் போட்டாலும் படம் மங்கல்தான்.

2023இல் மலையகத் தமிழர் இங்கு வந்து 200 ஆண்டுகள் என்று ஊர் ஊராக நினைவுகூர்ந்தார்கள். தோட்டத்து முதியவர்களைப் பெரிய பிலிமில், அவரவர் லயத்து (வரிசை வீட்டு) இஸ்தோப்பிலேயே, அதாவது முன் திண்ணையிலேயே, உட்கார வைத்து எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது வந்தது. ஆக, எனக்கு வேண்டியது முகத்தைப் பிதுக்கிக் காட்டாத, சற்று நீளமான லென்ஸ். 4×5 பிலிமில் படம் விழும் பரப்பு ஏறக்குறைய 95 × 120 மி.மீ., அதன் மூலைவிட்டம் 153. குவியத்தூரம் மூலைவிட்டத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகிற 150 மி.மீ. லென்ஸை 'சாதாரணம்' என்று சொல்வது அதனால்தான். நான் 210ஐத் தேடினேன். அரைத்தட்டின் மூலைவிட்டம் சுமார் 204 மி.மீ. என்பதால், என்றைக்காவது அந்த அளவிலேயே பிலிம் அகப்பட்டால் 210 அதற்கும் சாதாரண லென்ஸாக நிற்கும்.

தேடத் தொடங்கியபோதுதான் விலை உறைத்தது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய பிறகு, ஷட்டரோடு கூடிய நல்ல 210 லென்ஸ் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது என் வருமானத்துக்கு எட்டாத காரியம். லென்ஸையும் ஷட்டரையும் தனித்தனியாகத் தேடும் யோசனை அங்கிருந்து பிறந்ததுதான். இன்று காசு இருந்தாலும் அதே வழியில்தான் போவேன்.

இனி அளவுகள். பெரிய கெமரா லென்ஸ் பெரும்பாலும் இரண்டு பாதிகளாகக் கழன்று வரும். முன்பாதி ஷட்டரின் முன்புறம் திருகி ஏறும், பின்பாதி பின்புறம் ஏறும், ஐரிஸும் (ஒளி புகும் துளையைக் கூட்டிக் குறைக்கும் இதழ் வளையம்) ஷட்டர் இதழ்களும் நடுவில் இருக்கும். நவீன ஷட்டர்கள் மூன்று அளவுகளில் வரும்: 0, 1, 3. கோப்பல் கம்பனி இந்த அளவுகளில் செய்தவைதான் இன்று எங்கும் புழக்கத்தில் உள்ளன. லென்ஸ் பலகையில் 0க்கு 34.6, 1க்கு 41.6, 3க்கு 65 மி.மீ. துளை வேண்டும். புரி இன்னும் முக்கியம். 0இல் முன்னும் பின்னும் 29.5 மி.மீ.; 1இல் முன்னால் 40, பின்னால் 36; 3இல் இரண்டு பக்கமும் 58. முன்முகத்திலிருந்து பின்முகம் வரை தடிப்பு 0க்கும் 1க்கும் 20 மி.மீ. இந்த 20 பிசகாமல் இருப்பதால்தான் ஒரு கோப்பல் 1இலிருந்து கழற்றிய லென்ஸை இன்னொரு கோப்பல் 1இல் போட முடிகிறது. பிந்திய காலத்துக் கம்பூர் 0, 1 ஷட்டர்களும் இதோடு ஒத்துப்போகும். ஆனால் மேலே சில்லு போலச் சுழற்றி வேகம் வைக்கிற பழைய கம்பூர்களில் புரியும் தடிப்பும் வேறு. "கம்பூர்" என்ற பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது, வேர்னியர் இடுக்கிமானியை வைத்து அளந்த பிறகே காசு கொடுக்க வேண்டும்.

நான் 1ஆம் அளவைத் தேர்ந்தேன். 3 பெரியது, பாரமானது. என் கெமராவில் லென்ஸ் பலகை நிற்கும் முன்சட்டம் மெல்லிய மரம், அதைத் தாங்காது. வேகமும் 1/125 செக்கனோடு நின்றுவிடும். 0 இலேசானது, 1/500 வரை போகும். ஆனால் அதன் வாய் 24 மி.மீ.தான், நீளமான லென்ஸ்கள் பலவற்றுக்கு அது போதாது. 1இன் வாய் 30 மி.மீ., வேகம் 1 செக்கனிலிருந்து 1/400 வரை. மலைநாட்டு வெளிச்சத்தில் 1/400 எனக்குத் தேவைப்படவே போவதில்லை. 1/2, 1/4, 1/8, 1/15 சரியாக இருந்தால் போதும்.

ஷட்டர் எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். பூஞ்சை பிடித்துக் கண்ணாடி வெளிறிப்போன 180 மி.மீ. எஃப் 5.6 (எஃப் எண் சிறிதானால் ஒளி கூடுதலாகப் புகும்) லென்ஸ் ஒன்று, கோப்பல் 1இல் ஏறியபடி விலைக்கு வந்தது. கண்ணாடிக்காக யாரும் அதைத் தொடவில்லை, நான் ஷட்டருக்காக வாங்கினேன். இப்படி வாங்கும்போது உள்ளே ஐரிஸ் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். போலரோய்ட் எம்பி-4 என்ற பிரதியெடுக்கும் கெமராவின் ஷட்டர் வெளியிலிருந்து பார்க்க இதே கோப்பல் 1தான், ஆனால் அதில் ஐரிஸ் கிடையாது. அந்தக் கெமராவின் லென்ஸ்கள் தமக்குள்ளேயே ஐரிஸ் வைத்திருந்தவை.

லென்ஸ் வந்தது கண்டியில் ஒரு அச்சகத்திலிருந்து. கணினி வருவதற்கு முன் பக்கங்களைப் படம் பிடித்துத் தகடு செய்யப் பெரிய கெமரா வைத்திருந்தார்கள். அந்தக் கெமராக்களின் லென்ஸுக்கு ஷட்டர் இருக்காது, வெறும் குழாய்க்குள் கண்ணாடியும் ஐரிஸும்தான். விளக்கைப் போட்டு அணைப்பதே அவர்களுக்கு ஷட்டர். எனக்குக் கிடைத்தது ஷ்னைடர் ஜி-கிளாரொன் 210 மி.மீ. எஃப் 9. இந்த வரிசையின் பெரிய குணம், குழாயிலிருந்து கழற்றினால் இரண்டு பாதிகளும் நவீன ஷட்டருக்குள் நேராக ஏறும் என்பதுதான். 150 கோப்பல் 0இல் ஏறும். 210, 240, 270, 305 நான்கும் கோப்பல் 1இல். 355 மட்டும் கோப்பல் 3 கேட்கும். அதாவது ஒரே ஒரு நல்ல ஷட்டரைப் பராமரித்தால் நான்கு குவியத்தூரங்களுக்கு வழி திறந்துவிடுகிறது. எல்லா அச்சக லென்ஸும் இப்படி ஏறிவிடாது. வேறு பெயரில் எது கிடைத்தாலும் புரியை அளந்து பார்த்தே எடுக்க வேண்டும்.

அச்சக லென்ஸ் ஒன்றுக்கு ஒன்று அளவில் பிரதியெடுக்கச் செய்யப்பட்டது, தூரத்துக் காட்சிக்குச் சரிவராது என்று சொல்வார்கள். எஃப் 22க்கு இறக்கினால் ஜி-கிளாரொன் மலையையும் முகத்தையும் குறையில்லாமல் தருகிறது. விம்ப வட்டம், அதாவது லென்ஸ் தெளிவாகப் படம் விழுத்தும் வட்டத்தின் விட்டம், அந்த நிலையில் 260 மி.மீ. 153 மூலைவிட்டம் உள்ள பிலிமுக்கு இது தாராளம். சரிவில் நின்று சவுக்கு மரங்களை நேராக எடுக்க முன்சட்டத்தை உயர்த்தும்போது அந்தத் தாராளம் கைகொடுக்கும். 4×5ஐப் படுக்கையாக வைத்தால் கணக்குப்படி 60 மி.மீ.க்கு மேல் உயர்த்தலாம், என் கெமராச் சட்டம் அவ்வளவு போகாது. குறை ஒன்று உண்டு. எஃப் 9 என்பதால், எஃப் 5.6 லென்ஸைவிடத் தேய்த்த கண்ணாடியில் விம்பம் ஏறக்குறைய ஒன்றரை ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் ஒளி பாதியாவது) இருண்டிருக்கும். கறுப்புத் துணி தடிப்பாக, இரண்டு மடிப்பாக இருக்க வேண்டும்.

பாதிகளை ஷட்டரில் ஏற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். லென்ஸ் குழாயிலேயே இருக்கும்போது முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை மொத்த நீளத்தை இடுக்கிமானியால் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். ஷட்டரில் ஏற்றிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பாதிகளுக்கு இடைப்பட்ட தூரம் மாறவில்லை என்று பொருள். என்னுடையதில் ஷட்டரில் ஏற்றியதும் நீளம் ஒரு மயிரிழை குறைந்தது. மெல்லிய பித்தளைத் தகட்டில் ஒரு வளையம் வெட்டி முன்பாதிக்கும் ஷட்டருக்கும் இடையில் போட்டதும் பழைய அளவுக்கு வந்தது. பழைய லென்ஸ் வாங்கிக் கழற்றும்போது இப்படி ஒரு வளையம் விழுந்தால் அதைக் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். தொழிற்சாலையில் அளந்து போட்டது அது, அந்த லென்ஸோடு என்றும் இருக்க வேண்டியது.

லென்ஸ் பலகைக்கு 3 மி.மீ. ப்ளைவுட் போதும். அதற்கு மேல் தடித்தால் பின்னாலிருந்து இறுக்கும் வளையத்துக்குப் பிடிக்கப் புரி போதாது. 41.6 மி.மீ.க்குத் துளைவாள் கிடைக்காது. 40இல் துளைத்து, அரைவட்ட அரத்தால் சுற்றிச் சுற்றி அராவி, ஷட்டரை அடிக்கடி வைத்துப் பார்த்துத்தான் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கோப்பல் ஷட்டரின் பின்முகத்தில் ஒரு சின்னத் திருகாணித் தலை நீட்டிக்கொண்டிருக்கும், பலகையில் ஷட்டர் சுழலாமல் பிடிக்க வைத்தது. அதற்கு ஒரு பள்ளம் வெட்டினேன். கழற்றிவிடுபவர்களும் உண்டு. ஆனால் குளிரில் விரல் விறைத்து நெம்பை அழுத்தி இழுக்கும்போது ஷட்டர் மொத்தமாகச் சுழன்றுவிடும், இருப்பதே நல்லது. உட்பக்கம் மட்கறுப்புப் பூச்சு.

அப்புறம் ஐரிஸ் அளவுகோல். ஷட்டரில் இருந்தது பழைய 180 லென்ஸுக்கான அளவுகோல், அது 210க்குச் செல்லாது. எஃப் எண் என்பது குவியத்தூரத்தை ஒளி புகும் வட்டத்தின் விட்டத்தால் வகுத்து வருவது. 180க்கு எஃப் 22 என்றால் விட்டம் 8.2 மி.மீ. அதே 8.2 விட்டம் 210க்கு எஃப் 25.6 ஆகிறது, கிட்டத்தட்ட அரை ஸ்டொப் வித்தியாசம். முன்பாதிக் கண்ணாடி ஐரிஸைப் பெரிதாக்கிக் காட்டும் அளவும் லென்ஸுக்கு லென்ஸ் மாறும் என்பதால் வெறும் கணக்கை நம்பியும் கோடு போட முடியாது. நேரில் அளக்க வேண்டும்.

அதற்கு ஓர் எளிய வழி உண்டு. மூடுபனி ஏறுவதற்கு முன், காலையில், கெமராவைச் சிவனொளிபாதமலைப் பக்கம் திருப்பி உச்சியைத் தெளிவாகக் குவித்துத் துருத்தியைப் பூட்டினேன். பிறகு கெமராவை அப்படியே இருட்டறைக்குள் கொண்டுபோய், தேய்த்த கண்ணாடி இருந்த இடத்தில் நடுவில் ஊசித்துளை போட்ட கறுப்பு மட்டையை வைத்தேன். மட்டைக்குப் பின்னால் கைத்தொலைபேசியின் விளக்கு. துளையிலிருந்து வரும் ஒளி லென்ஸைக் கடந்து நேரான கற்றையாக வெளியே வரும், அந்தக் கற்றையின் விட்டம்தான் நமக்கு வேண்டிய விட்டம். லென்ஸின் முன்னால் எண்ணெய்த்தாளைப் பிடித்தால் சுத்தமான ஒரு வெளிச்ச வட்டம் விழும். சரியாகச் சொன்னால் வட்டமல்ல, ஐரிஸ் இதழ்களின் விளிம்பு தெரிகிற பலகோணம். ஐரிஸ் நெம்பைத் தள்ளத் தள்ள அது சுருங்கும். எஃப் 11க்கு 19.1 மி.மீ., 16க்கு 13.1, 22க்கு 9.5, 32க்கு 6.6, 45க்கு 4.7. ஒவ்வொரு விட்டத்திலும் நெம்பை நிறுத்தி, ஷட்டரில் ஒட்டிய தாள்நாடாவில் கூரான பென்சிலால் கோடு. 45இல் அரை மில்லிமீற்றர் பிசகினாலே மூன்றில் ஒரு ஸ்டொப்புக்குக் கிட்டப் போய்விடும், அதனால் சிறிய துளைகளை மேலிருந்தும் கீழிருந்தும் தள்ளிப் பார்த்து நடுவில் குறித்தேன். பழைய அளவுகோல் தகடு இரண்டு சின்னத் திருகாணியில் நிற்கிறது. அதைக் கழற்றி, அதே வடிவில் வெட்டிய பித்தளைத் தகட்டில் கோடுகளைப் பொறித்துப் போட்டேன்.

இனி வேகம். ஒரு கைத்தொலைபேசி போதும். செக்கனுக்கு 240 படச்சட்டம் எடுக்கிற மெதுவான வீடியோவில், வெளிச்சமான சுவரைப் பார்த்தபடி ஷட்டரைத் தட்டிப் பதிவுசெய்து, இதழ் திறந்திருக்கும் சட்டங்களை எண்ணலாம். 1 செக்கனுக்கு 240, 1/8க்கு 30, 1/15க்கு 16, 1/30க்கு 8. அதற்கு மேலான வேகத்தை இந்த முறையில் நம்ப வேண்டாம், 1/125க்கு இரண்டே சட்டம்தான். பகலில் வெயில் ஏறியபின் அளந்தபோது 1 செக்கன் 250க்கு அருகில் இருந்தது, பரவாயில்லை. விடியற்காலையில், மூச்சு புகையாக வரும் குளிரில் அளந்தபோது 300. பழைய எண்ணெய் குளிரில் இறுகி, மெதுவேகப் பற்சக்கரங்களைப் பிடித்து இழுக்கிறது. நான் படமெடுக்கப் போவதே அந்த நேரத்தில்தான் என்பதால் இதை அப்படியே விட முடியாது.

பஸ் நிலையத்துப் பக்கம் கடிகாரம் திருத்துகிற மாமா ஒருவரிடம் கொண்டுபோனேன். ஷட்டர் அவருக்குப் புதிது, மெதுவேகப் பற்சக்கரம் புதிதல்ல. கண்ணில் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு நிறைய நேரம் பார்த்தார்.

"தம்பி, இதுக்கு எண்ணெய் போடணுமா, இருக்கிற எண்ணெயை எடுக்கணுமா?"

"எடுக்கத்தான் மாமா. இதழ்ல ஒரு சொட்டும் படக் கூடாது."

"அப்ப இது அலாரம் மணிக்கூடு வேலைதான்."

மேல்தகட்டைத் திறந்து, லைட்டர் பெற்றோலில் நனைத்த மெல்லிய தூரிகையால் பற்சக்கரத் தொகுதியை மட்டும் கழுவினார். முழு ஷட்டரையும் பெற்றோலில் முக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கரைந்த எண்ணெய் இதழ்களுக்கு நடுவில் போய் மெல்லிய படலமாகத் தங்கிவிடும், பிறகு அவை ஒன்றோடொன்று ஒட்டும். இவர் ஷட்டரைச் சாய்த்துப் பிடித்து, அழுக்கு வெளிப்பக்கமாக வடியும்படி பார்த்துக்கொண்டார். காய்ந்த பிறகு சக்கர முனைகளுக்கு மட்டும் ஊசி நுனியால் கடிகார எண்ணெய், அதுவும் தொட்டும் தொடாமலும். மறுபடி விடியற்காலை அளந்தபோது 1 செக்கன் 245க்கு வந்திருந்தது. இந்த மாதிரிக் கை இன்னும் எங்கள் ஊர்ப்பக்கம் இருப்பது பெரிய கொடுப்பினை. ஒரே ஷட்டர் என்று முடிவெடுத்ததற்கு இவரும் ஒரு காரணம். நான்கு லென்ஸுக்கு நான்கு ஷட்டர் வைத்தால் நான்கையும் வருடாவருடம் இப்படித் திறக்க வேண்டிவரும்.

அகன்ற லென்ஸை இந்தக் கெமராவுக்கு நான் யோசிக்கவே இல்லை. 90 மி.மீ. லென்ஸ்களில் இலேசான பழைய ஆங்குலொன் எஃப் 6.8இன் விம்ப வட்டம் சுமார் 154 மி.மீ., 4×5ஐ விளிம்போடு மூடும், சட்டத்தை உயர்த்தவோ சாய்க்கவோ இடம் தராது. சுப்பர் ஆங்குலொன் 90 எஃப் 8க்கு 216, நிக்கோர் எஸ்டபிள்யூ 90 எஃப் 8க்கு 235. இரண்டும் அருமையான லென்ஸ்கள், ஆனால் அவை ஏறுவது 0ஆம் அளவில். பின்பாதியும் அகலம், பழைய மரக் கெமராவின் சட்டத் துளைக்குள் போகுமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். துருத்தியையும் 90 மி.மீ.க்கு மடக்கியாக வேண்டும், என்னுடையது அவ்வளவு நெருக்கமாக மடங்காது.

ஷட்டரே இல்லாமல் எடுக்க முடியாதா என்று கேட்கலாம். முடியும். எங்கள் பக்கத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. முகப்படங்களுக்குப் பேர்போன ஆங்கிலேயப் படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கமெரன் 1875இல் இலங்கை வந்தார், 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கம் கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்தார், பொகவந்தலாவை சென் மேரிஸ் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 15 × 12 அங்குலத் தட்டுக்கு 30 அங்குலக் குவியத்தூரமுள்ள டால்மையர் லென்ஸ் வைத்திருந்தவர். மூடியைக் கழற்றி, எண்ணி, மறுபடி மூடுவதுதான் அவருக்கு ஷட்டர். அன்றைய தட்டின் மெதுவான வேகத்துக்கு நிமிடக்கணக்கில் திறந்து வைக்க வேண்டியிருந்ததால் அது போதும். இன்றைய ஐஎஸ்ஓ 400 வேகப் பிலிமில், மேகம் மூடிய நாளில், இஸ்தோப்பின் உள்பக்க வெளிச்சத்தில் எஃப் 11க்கு எனக்கு 1/15 கிடைக்கிறது. மூடியால் 1/15 வைக்க முடியாது. அறுபது வருடம் கொழுந்து எடுத்த அம்மா ஒருவரை ஒரு நிமிடம் அசையாமல் இருங்கள் என்று கேட்க எனக்கு மனமும் வராது. 1/15இல் அவர் பேசி முடித்த மூச்சில், அந்த முகத்தோடு எடுக்க முடிகிறது.

கிட்டப் போய் எடுக்கும்போது துருத்தியின் நீளத்தை மறக்கக் கூடாது, அது நீள நீளப் பிலிமில் விழும் ஒளி குறையும். மார்பளவுப் படத்துக்கு 210 லென்ஸின் துருத்தி 240 மி.மீ. வரை இழுபடுகிறது. 240ஐ 210ஆல் வகுத்து வர்க்கம் கண்டால் 1.3, அதாவது மூன்றில் ஒரு ஸ்டொப்புக்குச் சற்று மேலே கூட்டிக் கொடுக்க வேண்டும். கைகளை மட்டும் எடுக்க 297 வரை போனால் சரியாக ஒரு ஸ்டொப். தையற்காரரின் அளவுநாடா ஒரு துண்டை அடிப்பலகையில் ஒட்டியிருக்கிறேன், முன்சட்டத்தின் குறி எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே போதும்.

பாதுகாப்பைப் பற்றி ஒரே வார்த்தை: தோல் பெட்டி வேண்டாம். ஈரப்பதன் 60 வீதத்தைத் தாண்டி நீண்ட நாள் நிற்கிற இடத்தில் தோல்தான் பூஞ்சைக்கு முதல் வீடு. காற்றுப்புகா பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், அதை அவ்வப்போது அடுப்படியில் சூடாக்கி எடுக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு தரமாவது ஷட்டரை எல்லா வேகத்திலும் தட்டிப் பாருங்கள், ஆனால் நெம்பை இழுத்துச் சுருள்வில்லை ஏற்றிய நிலையில் வைக்காதீர்கள்.

அடுத்துத் தேடுவது இதே வரிசையின் 305 எஃப் 9. ஷட்டர் இருக்கிறது, பலகை இருக்கிறது, வர வேண்டியது இரண்டு பாதிகள் மட்டும். 400 மி.மீ. துருத்திக்கு 305 ஏறக்குறைய 1.3 மீற்றர் தூரம்வரை குவியும், தலையும் தோளும் எடுக்க அது போதும். 355ஐ இந்தத் துருத்தி தூரத்து மலைக்குத் தாங்கும், முகத்துக்கு விடாது, ஷட்டரும் வேறு. 305க்கு எஃப் 32 என்றால் விட்டம் 9.5 மி.மீ., 210இன் எஃப் 22க்கு வந்த அதே எண். அதனால் புதிய தகட்டில் 32இன் கோடு பழைய 22க்கு அருகில்தான் விழ வேண்டும். எவ்வளவு தள்ளி விழுகிறது என்பதை லென்ஸ் வந்ததும் ஊசித்துளை மட்டையை வைத்து அளந்துகொள்வேன். அதுவரை பித்தளைத் தகட்டைக் கோடு போடாமல் வெட்டி வைத்திருக்கிறேன்.